நான்-லீக் மேலாளர் ஆட்டம் முடிந்ததும் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது? அணியின் ஃபார்ம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கீழ்நிலைக் கால்பந்து அணிகளின் மேலாளர்கள், கடந்த சில ஆட்டங்களைப் பற்றியும் தங்கள் வீரர்களின் ஃபார்ம் பற்றியும் வாரம் தவறாமல் பேசுகிறார்கள். ஆட்ட நாளன்று மைதான வாசலில் விற்கும் சிறு நூலில் ஒரு பக்கம் எழுதவும் செய்கிறார்கள். கென்ட் மாவட்டத்தில் ஏழாம் நிலை அணி ஒன்றின் ஆட்டங்களை வேலியோரம் நின்று பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். பிரீமியர் லீகைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நான்-லீக் என்பது எந்த அணிகளைக் குறிக்கிறது?

பிரீமியர் லீகில் 20 அணிகள், அதற்குக் கீழே மூன்று பிரிவுகளில் 72 அணிகள் என மொத்தம் 92 அணிகள் மேல்தட்டில் உள்ளன. அந்த 92-க்கு வெளியே இருப்பதெல்லாம் நான்-லீக். ஐந்தாம் நிலையில் நேஷனல் லீக், ஆறாம் நிலையில் அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள், ஏழாம் நிலையில் இஸ்த்மியன், நார்தர்ன் பிரீமியர், சதர்ன் ஆகிய பெயர்களில் நான்கு பிரிவுகள் என்று அது கீழே விரிந்துகொண்டே போகிறது. 1987-க்கு முன்பு ஐந்தாம் நிலையில் முதலிடம் பிடித்த அணிகூட, மேலே இருந்த அணிகளின் வாக்கைப் பெற்றால்தான் மேலேற முடியும். அந்த ஆண்டில் நீல் வார்னக் மேலாளராக இருந்த ஸ்கார்பரோ அணிதான், வாக்கெடுப்பு ஏதுமின்றி, லீகை வென்ற உரிமையாலேயே முதன்முதலில் மேலேறியது.

மேலாளர் என்பவர் பயிற்சியாளர்தானே? அவர் சொல்வதற்கு ஏன் இத்தனை மதிப்பு?

பயிற்சி அவருடைய வேலையில் ஒரு பகுதி மட்டுமே. யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது, இருக்கும் சிறு தொகையை யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது, யார் யாருடைய காரில் வருவது என்பதுவரை பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுகிறது. இத்தனைக்கும் பலருக்கு இது முழுநேர வேலை அல்ல. டேனி கௌலி பிரெய்ன்ட்ரீ டவுன் அணியின் மேலாளராக இருந்தபோது பகலில் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தார். அந்தப் பகுதிநேர அணி 2015-16 பருவத்தில், முழுநேர அணிகள் பலவற்றைக் கடந்து நேஷனல் லீகில் மூன்றாம் இடம் பிடித்தது. அடுத்த பருவத்தில் அவரும் அவருடைய தம்பி நிக்கியும் லிங்கன் சிட்டிக்குச் சென்றார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வகுப்பறையிலிருந்து நேராக மைதானத்துக்கு வரும் ஒருவர் தம் அணியைப் பற்றிப் பேசும்போது, அந்த அணியில் அவர் கை படாத காரியம் ஒன்றுகூட இருக்காது. அவர் சொல்லுக்கு அதனால்தான் அந்த மதிப்பு.

ஃபார்மை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கடைசி ஐந்து அல்லது ஆறு ஆட்டங்களில் கிடைத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று. பெரிய லீகுகளில் இந்தக் கணக்கு ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும், ஏனென்றால் அங்கே ஓர் அணி ஆகஸ்டில் வைத்திருந்த வீரர்களில் பெரும்பாலோர் பிப்ரவரியிலும் இருப்பார்கள், ஆட்டங்களும் ஏறத்தாழக் குறித்த நாளில் நடந்துவிடும். நான்-லீகில் அப்படியில்லை. ஓர் அணியின் கடைசி ஆறு ஆட்டங்கள் மூன்று வாரத்துக்குள் முடிந்திருக்கும். மழையில் மைதானம் மூழ்கிய மற்றோர் அணியின் ஆறு ஆட்டங்களோ இரண்டு மாதத்தில் பரவிக் கிடக்கும். முதல் ஆட்டத்தில் இறங்கிய பதினொருவரில் ஆறாவது ஆட்டத்துக்கு ஐந்து பேர்தான் மிஞ்சியிருப்பார்கள் என்பதும் உண்டு. அப்படிப்பட்ட ஆறு ஆட்டங்களை ஒரே அணியின் ஃபார்ம் என்று சொல்வதில் எனக்கு எப்போதும் தயக்கம் இருக்கிறது.

மேலாளர் ஏன் ஒவ்வொரு முறையும் "ஆள் இல்லை" என்றே சொல்கிறார்? அது சாக்கு இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சாக்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஏழாம் நிலையில் பெரும்பாலான வீரர்கள் வாரம் சில நூறு பவுண்டுக்கு ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சோறு போடுவது வேறு வேலை: கட்டட வேலை, பள்ளி, கிடங்கு, வேன் ஓட்டுவது. செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி; செவ்வாயன்று ஆட்டம் இருந்தால் அந்தப் பயிற்சியும் இல்லை. இரவுப் பணி மாற்றிப் போட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், முழங்கால் வீங்கி வேலைக்கே போக முடியாமல் போனால், சனிக்கிழமைப் பட்டியலில் ஒரு பெயர் குறையும். ஐந்து மஞ்சள் அட்டை சேர்ந்தால் ஓர் ஆட்டம் தடை. முரட்டுத்தனத்துக்குச் சிவப்பு அட்டை வாங்கினால் மூன்று ஆட்டம் தடை. பதினாறு பேரை வைத்துக்கொண்டு ஓடும் அணியில் இவற்றில் மூன்று ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டால், திறமையைப் பற்றிப் பேசவே இடமிருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவை மறக்க முடியவில்லை. ஆட்டம் 7.45-க்கு. மாலையில் நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிகள் மைல் கணக்கில் நின்றுவிட்டன. எங்கள் மேலாளர் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு காதில் ஃபோனும் கையில் மடித்த பட்டியலுமாக நின்றுகொண்டிருந்தார். பட்டியலில் இடது தடுப்பாட்டக்காரரின் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, நடுக்களத்தில் ஆடும் ஒரு பையனின் பெயரை அங்கே எழுதினார். 7.20-க்கு அந்த இடது தடுப்பாட்டக்காரர் ஓடி வந்தார். காலில் வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸ், கால்சட்டை முட்டிவரை வெள்ளைச் சிமெண்டுத் தூசி. பட்டியல் அதற்குள் நடுவர் கைக்குப் போய்விட்டது. அவர் மாற்று வீரராக உட்கார்ந்து, இரண்டாம் பாதியின் நடுவில் உள்ளே போனார். அதற்குள் இடது பக்கமாகவே இரண்டு கோல் வாங்கியிருந்தோம். ஆட்டம் 1-3 என்று போனது.

அடுத்த சனிக்கிழமை நூலில் மேலாளர் எழுதியது ஒரே ஒரு வரி: இடது பக்கத்தை நாங்கள் திறந்து வைத்துவிட்டோம், அந்தத் தவறு என்னுடையது. நெடுஞ்சாலையைப் பற்றியோ சிமெண்டுத் தூசியைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. அந்த வரியை மட்டும் படித்தவர் அது வியூகப் பிழை என்றுதான் எண்ணியிருப்பார். பொதுவில் சொன்னால் அந்த வீரருக்கு அவர் வேலையிடத்தில் சங்கடம் வரலாம் என்பதற்காகவே மேலாளர் பழியைத் தம் மேல் போட்டுக்கொண்டார் என்று நான் நம்புகிறேன்.

போன மாதம் ஆடிய வீரர் இந்த மாதம் எதிரணியில் ஆடுகிறாரே, அது எப்படி?

ஒப்பந்தம் இல்லாமல் ஆடும் வீரரை வேறோர் அணி அழைக்க விரும்பினால், அவருடைய அணிக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்தால் போதும். அதன் பிறகு அவரிடம் பேசலாம், அவர் சம்மதித்தால் சேர்த்துக்கொள்ளலாம். மாற்றுத் தொகை எதுவும் கிடையாது. இதனால் நான்கு ஆட்டத்தில் ஐந்து கோல் போட்ட முன்களவீரர் ஒருவர் கிடைத்துவிட்டால், மேலாளருக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒன்றாகவே வருகின்றன. ஒப்பந்தம் போட்டால் வீரர் போகமாட்டார்; ஆனால் காயம்பட்டு ஆடாமல் கிடந்தாலும் பருவம் முழுவதும் பணம் கொடுத்தாக வேண்டும். மேலே உள்ள அணிகளிலிருந்து இரவலாக வரும் இளைஞர்களும் உண்டு. அவர்கள் நன்றாக ஆடினால் சொந்த அணி திரும்ப அழைத்துக்கொள்கிறது, சுமாராக ஆடினால் இங்கேயே இருக்கிறார்கள். "குழு இன்னும் ஒன்றுசேரவில்லை" என்று மேலாளர் டிசம்பரில் சொல்வதைக் கேட்டு, ஆகஸ்டிலிருந்து இவர் என்ன செய்தார் என்று கேட்பவர்கள், அந்தக் குழு நவம்பரில்தான் பாதி உருவானது என்பதை அறியமாட்டார்கள்.

மைதானத்தைக் குறை சொல்வது நியாயமா?

பெரும்பாலும் நியாயம்தான். ஜனவரியில் கோல் வாயில் புல்லே இருக்காது. பந்து தரையோடு போனால் சேற்றில் நின்றுவிடும். தரையில் பந்தைக் கடத்தி ஆடப் பழகிய அணி அங்கே பந்தைத் தூக்கித்தான் அடிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே செப்டம்பரில் நன்றாக ஆடிய சிறிய உடல்வாகுள்ள நடுக்களவீரர் ஜனவரியில் ஃபார்ம் இழந்ததாகத் தெரிகிறார். செயற்கைப் புல் போட்ட அணிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது நேஷனல் லீக் வரைதான் செல்லும். 2021-ல் அந்த லீகை வென்று மேலேறிய சட்டன் யுனைடெட், தன் செயற்கைப் புல்லைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் வளர்க்க வேண்டியிருந்தது. செயற்கைப் புல்லில் பருவம் முழுக்க ஆடும் அணி வெளியூர்ச் சேற்றில் தடுமாறுவதும், சேற்று அணி செயற்கைப் புல்லில் பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதும் நான் கண்ணால் கண்டவை. சொந்த மண்ணிலும் வெளியூரிலும் ஓர் அணியின் ஃபார்ம் இரு வேறாக இருந்தால், முதலில் தரையைக் கேளுங்கள்.

எஃப்.ஏ. கோப்பையில் நீண்ட தூரம் போவது லீக் ஃபார்முக்கு நல்லதா, கெட்டதா?

எஃப்.ஏ. கோப்பை என்பது பெரிய அணிகளும் சிறிய அணிகளும் மோதும், தோற்றால் வெளியேறும் தொடர். அது லீக் ஃபார்முக்கு நல்லது, கெட்டது இரண்டுக்கும் சான்று இருக்கிறது. என் மாவட்டத்து அணியான மெய்ட்ஸ்டன் யுனைடெட்டையே எடுத்துக்கொள்கிறேன். பழைய மெய்ட்ஸ்டன் 1989-ல் 92 அணிகளுக்குள் நுழைந்து, 1992-ல் கடனில் மூழ்கி மறைந்தது. புதிதாகத் தொடங்கிய அணி அடிமட்டத்திலிருந்து ஏறி வந்து, 2012-ல் தன் ஊரிலேயே சொந்த மைதானம் கண்டது. 2023-24 பருவத்தில் அது ஆறாம் நிலையில், ஜார்ஜ் எலோகோபி என்ற மேலாளரின் கீழ் ஆடியது. கமரூனில் பிறந்து வுல்வர்ஹாம்ப்டனுக்காக பிரீமியர் லீகில் ஆடியவர் அவர். தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி, பாரோ, ஸ்டீவனேஜ் ஆகிய மேல்தட்டு அணிகளைத் தோற்கடித்து, 2024 ஜனவரி 27 அன்று இப்ஸ்விச் டவுனை அதன் சொந்த மைதானத்தில் 2-1 என்று வென்றது. இப்ஸ்விச் அப்போது இரண்டாம் நிலையில் முன்னணியில் இருந்த அணி. அந்த மே மாதமே பிரீமியர் லீகுக்கு ஏறியது. லமார் ரெனால்ட்ஸ் ஒரு கோல், சாம் கோர்ன் ஒரு கோல். ஆறாம் நிலை அணி ஒன்று ஐந்தாம் சுற்றை எட்டியது 1978-ல் பிளைத் ஸ்பார்ட்டன்ஸுக்குப் பிறகு அதுவே முதல் முறை. ஐந்தாம் சுற்றில் கோவன்ட்ரி சிட்டியிடம் 0-5 என்று தோற்றது.

கோப்பையில் கிடைத்த பணம் அணிக்குப் பல ஆண்டுத் தெம்பு. ஆனால் கோப்பையில் நீண்ட தூரம் போகும்போது லீக் ஆட்டங்கள் தள்ளிப்போகின்றன; தள்ளிப்போனவை செவ்வாய் இரவுகளில் வந்து குவிகின்றன. மெய்ட்ஸ்டன் அந்தப் பருவத்தில் மேலேறவில்லை. தெற்குப் பிரிவை யோவில் டவுன் வென்றது.

எதிர்ப்பக்கச் சான்று லிங்கன் சிட்டி. 2016-17-ல் கௌலி சகோதரர்களின் அணி, பிரீமியர் லீகில் இருந்த பர்ன்லியை அதன் மைதானத்தில் 1-0 என்று வென்று கால் இறுதிக்குப் போனது. நூறாண்டுக்கு மேலாக எந்த நான்-லீக் அணிக்கும் கிட்டாத இடம் அது. ஆர்சனலிடம் 0-5 என்று தோற்ற பிறகும் தளராமல் அதே பருவத்தில் நேஷனல் லீகை 99 புள்ளியுடன் வென்றது. லிங்கனுக்கு முழுநேர வீரர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே மறக்கக் கூடாது. பகலில் ஓய்வெடுக்க முடிந்தவர்களுக்கு வாரம் இரண்டு ஆட்டம் தாங்கும்.

"நன்றாக ஆடினோம், முடிவுதான் வரவில்லை" என்று மேலாளர் சொன்னால் நம்பலாமா?

ஒரு வாரம் சொன்னால் நம்பலாம். ஒரே ஆட்டத்தின் முடிவு எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்கு அந்த இப்ஸ்விச் ஆட்டமே போதும்: இப்ஸ்விச் கோலை நோக்கி 38 முறை அடித்தது, மெய்ட்ஸ்டன் இரண்டே முறை அடித்து இரண்டையும் கோலாக்கியது. 1989 ஜனவரியில் சட்டன் யுனைடெட், இரண்டு ஆண்டுக்கு முன் கோப்பையை வென்றிருந்த கோவன்ட்ரியை 2-1 என்று தோற்கடித்தது. மேலாளர் பேரி வில்லியம்ஸ் ஓர் ஆங்கில ஆசிரியர். அதே மாதத்தில் அடுத்த சுற்றில் நாரிச்சிடம் 0-8 என்று தோற்றது. ஒரே மேலாளர், ஏறத்தாழ அதே வீரர்கள், சில வார இடைவெளி.

ஆனால் நான்காவது வாரமும் அதே வாக்கியம் வந்தால் நான் கார்னர்களையும் ஃப்ரீ கிக்குகளையும் எண்ணத் தொடங்குவேன். பயிற்சி நேரம் குறைவாக உள்ள இந்த நிலையில் கோல்களில் கணிசமான பங்கு அப்படி நின்ற பந்தில்தான் விழுகிறது. அதைத் தடுப்பதற்கு வியாழன் மாலை அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை மேலாளர் ஒதுக்கவில்லை என்றால் அது துரதிர்ஷ்டம் ஆகாது.

தொடர் தோல்வி வந்தால் மேலாளரால் என்னதான் செய்ய முடியும்?

ஆட்களை மாற்றுவது எளிது, அதனால்தான் பலரும் அதையே முதலில் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த நல்ல மேலாளர்கள் முதலில் ஆட்டத்தைச் சுருக்குகிறார்கள்: தடுப்பு வரிசையைப் பத்து கெஜம் பின்னுக்கு இழுக்கிறார்கள், ஒருமுறை கோல் வாங்காமல் முடித்து 0-0 என்று ஒரு புள்ளி எடுக்கிறார்கள். பார்க்க அழகில்லாத அந்த ஆட்டத்துக்குப் பிறகு வீரர்களின் தோள்கள் நிமிர்வதைக் கண்டிருக்கிறேன்.

பொதுவில் வீரரைக் கண்டிக்கலாமா?

கூடாது என்பது என் கருத்து. இந்த நிலையில் மைதானத்துக்கு வருபவர்கள் சில நூறு பேர். அவர்களில் வீரரின் தந்தையும் மனைவியும் நண்பர்களும் இருப்பார்கள், அவர்கள் அதே சிறு நூலைப் படிப்பார்கள். கண்டிக்க வேண்டியதை அறைக்குள் சொல்லிவிட்டு, வெளியே பொதுப்படையாகப் பேசும் மேலாளரைச் சிலர் மழுப்புகிறார் என்கிறார்கள். ஏழு நாள் முன்னறிவிப்பில் வீரர் போய்விடக்கூடிய இடத்தில், பெயர் சொல்லித் திட்டுவதன் விலையை அணிதான் கொடுக்கும்.

மார்ச், ஏப்ரலில் மேலாளர்களின் பேச்சு ஏன் மாறிவிடுகிறது?

ஏழாம் நிலையில் ஓர் அணிக்கு 42 லீக் ஆட்டங்கள். முதலிடம் நேராக மேலேறும். இரண்டாம் இடம் முதல் ஐந்தாம் இடம் வரை உள்ளவை தமக்குள் ஆடி, வெல்வது ஒன்று மேலேறும். கடைசி நான்கு கீழே இறங்கும். மழையில் நின்றுபோன ஆட்டங்களும் சேர்ந்துகொள்வதால் சனி, செவ்வாய், வியாழன், சனி என்று ஓட வேண்டியிருக்கும். அப்போது "ஆட்டம் கையில் இருக்கிறது", அதாவது மற்ற அணிகளைவிட இன்னும் ஆட வேண்டிய ஆட்டங்கள் அதிகம், என்பதை மேலாளர் ஆதாயமாகச் சொன்னாலும், களைத்த கால்களுக்கு அது சுமைதான். என் அனுபவத்தில் கையில் நான்கு ஆட்டம் வைத்திருக்கும் அணியைவிட, புள்ளியைக் கையில் வைத்திருக்கும் அணியையே நான் நம்புவேன்.

மேலாளரின் பேச்சில் நீங்கள் முதலில் எதைத் தேடுகிறீர்கள்?

மாற்று வீரர்களின் இருக்கையைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பதைத்தான். சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் இருக்கையில் நால்வர்தான் இருந்தார்கள். இருவர் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து வந்த பையன்கள், ஒருவர் கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார், நான்காமவர் உதவிப் பயிற்சியாளர். நாற்பதைக் கடந்தவர், ஆள் போதாது என்று தம் பெயரையே பதிவு செய்துகொண்டவர். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு அவர் இறங்கி, ஒரு கார்னரைத் தலையால் முட்டி வெளியேற்றினார். அன்று மேலாளர் கொடுத்த பேட்டி ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த இரண்டு பையன்களின் பெயரையும் சொன்னார், அவர்கள் திங்கட்கிழமை தேர்வுக்குப் போக வேண்டும் என்றார், பேருந்து காத்திருப்பதாகச் சொல்லி நகர்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மைதானப் பராமரிப்பாளர் கவைக்கோலால் பெயர்ந்த புல்லைக் குத்தி அமுக்கிக்கொண்டிருந்தார். செவ்வாயன்று அங்கே மறுபடியும் ஆட்டம் இருந்தது.